கனகரத்தினத்தாரின் நல்லெண்ண விஜயம்

கனகரத்தினத்தார் கனடாவுக்குப் போய்வந்த செய்தி சுவிஸ் நாட்டுப் பேர்ண் நகரத்துத் தமிழர் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இருந்துவிட அவர் ஒருவரையும் விடவில்லை. ரயில் நிலையத்தில் எதிர்ப்பட்டவர்களுக்குச் சொன்னார். தூணுக்குப் பின்னால் ஒதுங்கியவர்களையும் தேடிப்போய்ச் சொன்னார். அதுவும் போதாமல், ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தேவாலய மண்டபம் ஒன்றை எடுத்து, 'நியூ பிரன்ஸ்விக் மாகாணத் தலைநகரில் நமது தலைவர்: வண்ணப் படங்களுடன் பேருரை' என்று துண்டுப்பிரசுரமும் அடித்துவிட்டார். பேருரை என்று எழுதிக்கொடுத்தவர் உரையாற்றப் போகிறவரேதான்.

அது எண்பத்தேழாம் ஆண்டு. நாங்கள் மற்றவர்கள் எல்லோரும் எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு ஆளுக்கொரு பையோடு வந்து இறங்கியவர்கள். பக்கத்துக் கன்ரோனில், மாநிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இருக்கிற மச்சானைப் பார்க்கப் போவதற்கே பயந்து பயந்து போகவேண்டிய கடதாசிதான் எங்களிடம் இருந்தது. கனகரத்தினத்தாரோ அதற்கு வெகுகாலம் முந்திப் படிக்க வந்து, பாலங்களுக்கு வரைபடம் கீறுகிற கம்பனியில் அமர்ந்து, சிவப்புச் சுவிஸ் பாஸ்போட்டும் எடுத்தவர். அந்தப் பாஸ்போட் அவருடைய கோட்டின் உட்பையில் குடியிருந்தது. கலியாணவீடோ செத்தவீடோ, மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறவர்போல அதை ஒருதரம் வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் கதை தொடங்குவார். ஆரே நதிக்கரைத் தமிழர் முன்னேற்ற மன்றத்துக்கு அவர் தலைவரானதில் போட்டி எதுவும் இருக்கவில்லை. மன்றத்தைத் தொடங்குவதற்கு முதலே தலைவர் என்று தன் பெயரைப் போட்டுக் கடதாசித் தலைப்பு அடித்திருந்தார்.

இவருடைய பயணத்தில் ஞானேஸ்வரிக்கு என்ன அலுவல் என்பதைச் சொல்லவேண்டும்.

ஞானேஸ்வரி முதியோர் இல்லமொன்றின் குசினியில் உருளைக்கிழங்கு சீவுகிறவள். அவளுடைய அகதி விண்ணப்பத்தைச் சுவிஸ்காரர் நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீட்டையும் நிராகரித்துவிட்டார்கள். ஆடி பிறக்க முன்னம் நாட்டைவிட்டு வெளியேறவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கே வெளியேறுவது என்றால், பலாலி விமானநிலையத்தைச் சுற்றி ஷெல் விழுந்துகொண்டிருந்த ஊருக்கு.

அவளுக்கு ஒரே ஒரு வழி மிஞ்சியிருந்தது. அவளுடைய தமையன் குலேந்திரன் கனடாவில், பிரெடரிக்டன் என்ற சின்னத் தலைநகரத்தில், ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு வேலைக்குத் துப்புரவு செய்கிறவன். அங்கேயுள்ள ஒரு தேவாலயச் சபையார் வருடத்துக்கு ஒரு அகதியையோ குடும்பத்தையோ தங்கள் பொறுப்பில் எடுக்கிறவர்கள். குலேந்திரன் போய்க் கேட்டபோது, யோசிக்கலாம் என்றார்கள். ஆனால் அந்தப் பெண்ணை நேரில் தெரிந்த, ஆங்கிலம் கதைக்கக்கூடிய ஒருவர் வந்து தங்கள் கமிற்றிக்கு விளக்கிச் சொன்னால் நல்லது என்றார்கள். சபை பொறுப்பேற்கிறது என்று ஒரு வார்த்தை வந்தால், அதைவைத்து இங்கே வெளியேற்றத்தை நிறுத்திவைக்கலாம் என்று பேர்ணில் அகதிகளுக்கு உதவுகிற பெண்மணியும் சொல்லியிருந்தார்.

கனகரத்தினத்தார் அந்த நேரம் ரொறன்ரோவில் மருமகனின் கலியாணத்துக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். ஞானேஸ்வரி அவருடைய வீட்டுக்குப் போய் நின்றாள்.

"பிள்ளை, நீ ஒண்டுக்கும் யோசிக்காதை. பிரெடரிக்டனுக்கும் ஒரு எட்டு எட்டிப் பாப்பம். நான் போய் நிண்டால் அலுவல் முடிஞ்ச மாதிரி" என்றார்.

எட்டிப் பார்ப்பது என்று தொடங்கிய அந்த விசயம் அடுத்த கிழமையே 'நல்லெண்ண விஜயம்' ஆகிவிட்டது. மன்றச் செயலாளர் யோகராஜா கூட்டக் குறிப்பில் அப்படித்தான் எழுதினார்.

வைகாசியில் போனவர் வைகாசியிலேயே திரும்பிவிட்டார். ஞானேஸ்வரி முதலில் ரெலிபோனில் கேட்டாள். "எல்லாம் கூட்டத்தில விளக்கமாச் சொல்லுவன்" என்றார். பிறகு கடைவாசலில் கண்டு கேட்டாள். "உதுகள் றோட்டில நிண்டு கதைக்கிற கதையே பிள்ளை?" என்றார். குலேந்திரனை எடுத்துக் கேட்டால், "அண்ணை எல்லாம் தான் பாத்துக்கொள்ளுறன் எண்டு சொன்னவர். எனக்கு அண்டைக்கு இரவு வேலையடி. அவர் போயிருப்பார்தானே" என்றான். அவனுக்கு அவரைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து அவனைத் தேடி விமானத்தில் வந்திறங்கிய முதல் ஆள் அவர்.

ஆக, கூட்டத்துக்கு வந்திருந்த மற்றவர்கள் படம் பார்க்கவும் றோல்ஸ் சாப்பிடவும் வந்தார்கள். ஞானேஸ்வரி தன் தலையெழுத்தைக் கேட்க வந்தாள்.

நிகழ்ச்சி நிரலில் அவளுக்கும் ஒரு இடம் இருந்தது. பெண்களுக்கு மேடையில் இடம் கொடுக்கவேண்டும் என்பது மன்றத்தின் கொள்கை. அந்த இடம் நன்றியுரையில் இருந்தது.

மங்கல விளக்கேற்றினார்கள். விளக்கேற்றப் பிரமுகர் ஒருவரும் இல்லாதபடியால் கனகரத்தினத்தாரே ஏற்றினார். யோகராஜா வரவேற்புரை சொன்னார். "மேலைத்தேயத்தின் மேற்குத் திசையிலே தமிழனின் காலடியைப் பதித்துவிட்டு" என்று தொடங்கி, "நம்மிடையே மீண்டும் எழுந்தருளியிருக்கும்" என்ற இடத்தில் மூச்சுவாங்கினார். பிறகு பொன்னாடை போர்த்தினார். பொன்னாடை கனகரத்தினத்தாருடைய வீட்டிலிருந்து வந்தது. போன வருடமும் அதே பொன்னாடைதான்.

மண்டபத்து லைற்றுகளை அணைத்ததும் திரையில் ஒரு ஆறு வந்தது.

"அன்பார்ந்த பெருமக்களே! இதுதான் சென் ஜோன் நதி. இந்த நதியின் மடியிலே தவழ்கின்ற குழந்தைதான் பிரெடரிக்டன் மாநகரம்."

குழந்தை எப்படி மாநகரமானது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் பின்வரிசையில் ஒருவர், "அண்ணை, உது எங்கட ஆரே மாதிரித்தானே கிடக்கு? ஆறு, பாலம், அந்தப் பக்கம் ஒரு கோயில் கோபுரம்" என்றார்.

"ஆரே ஓடை தம்பி. இது நதி. அகலத்தைப் பாரும்!"

நதி உண்மையில் அகலமாகத்தான் இருந்தது. பனி உருகி வெள்ளம் ஏறி, கரையோர மரங்கள் முழங்காலளவு தண்ணீரில் நின்றன. அந்த அழகான நதிக்கு முன்னால் கனகரத்தினத்தார் நின்றார். அடுத்த படத்தில் ரயில் பாலம். அதற்கு முன்னால் கனகரத்தினத்தார். அடுத்து, வெள்ளிக் குமிழோடு ஒரு சட்டமன்றக் கட்டடம். குமிழின் பாதியை அவருடைய தொப்பி மறைத்தது.

"இந்தச் சட்டமன்றத்தின் விருந்தினர் ஏட்டிலே அடியேனை ஒப்பமிடும்படி கேட்டுக்கொண்டார்கள்."

அடுத்த படத்தில் அவர் ஒப்பமிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கையில் ஐஸ்கிறீமோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

"அவையளையும் கேட்டுக்கொண்டிருப்பினம்" என்றாள் பரமேஸ்வரி. அவள் ஞானேஸ்வரியோடு ஒரே அறையில் இருப்பவள். மெல்லக் கதைக்கத் தெரியாதவள்.

ஞானேஸ்வரி சிரிக்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் அவள் தமையனைத் தேடிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டு நாலு வருடமாகிறது. உடம்பு வைத்திருக்கிறானா, மெலிந்துவிட்டானா என்றுகூடத் தெரியாது. தேவாலயத்துக்கு முன்னால் கனகரத்தினத்தார். சந்தையில் கனகரத்தினத்தார். பன்னம் என்ற காட்டுச்செடியின் சுருண்ட முளையை அவித்து வெண்ணெய் போட்டு வைத்த கோப்பைக்கு முன்னால் கனகரத்தினத்தார், "இது அந்த மாகாணத்தின் உயர்குடி உணவு" என்ற விளக்கத்தோடு. குலேந்திரனைக் காணவில்லை. கமராவைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அவன்.

கடைசியாக ஆற்றங்கரைப் புல்வெளியில் எடுத்த ஒரு படம் வந்தது. பொழுது சாய்கிற நேரம். கனகரத்தினத்தாரின் சப்பாத்துவரை புல்லில் ஒரு நீண்ட நிழல் விழுந்திருந்தது. இரண்டு முழங்கையும் தூக்கி, தலையைக் கொஞ்சம் சரித்து.

"உது உன்ரை கொண்ணன்ரை நிழலடி" என்றாள் பரமேஸ்வரி.

"இது சூரியன் மறையும் வேளை" என்றார் கனகரத்தினத்தார், படத்தை மாற்றினார்.

விளக்குப் போட்டார்கள். கை தட்டினார்கள். பேருரையில் சபை வரவில்லை, கமிற்றி வரவில்லை, ஞானேஸ்வரி என்ற பெயரும் வரவில்லை. யோகராஜா ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்து, "அடுத்ததாக நன்றியுரை. அதைத் தொடர்ந்து சிற்றுண்டி" என்றார். சிற்றுண்டி என்ற சொல்லோடு பாதி மண்டபம் எழும்பிவிட்டது. நன்றியுரை என்பது கதிரை இழுபடுகிற சத்தத்துக்கு நடுவில் சொல்லவேண்டியது என்பதை ஊரிலிருந்தே பழகிவந்தவர்கள் நாங்கள்.

ஞானேஸ்வரி மேடைக்கு ஏறினாள். யோகராஜா எழுதிக்கொடுத்த கடதாசியை மடித்தபடியே கையில் வைத்துக்கொண்டாள்.

"மண்டபம் தந்த பாதிரியாருக்கு நன்றி. படம் காட்டின மெசினுக்கு நன்றி" என்றாள். "கனகரத்தினம் அண்ணைக்குச் சொல்ல முன்னம் ஒண்டு கேக்கவேணும். அண்ணை, அந்தச் சபைக் கமிற்றியில நீங்கள் என்ன கதைச்சனீங்கள்?"

கதிரைச் சத்தம் குறைந்தது.

கனகரத்தினத்தார் முன்வரிசையில் இருந்தபடியே புன்னகைத்தார். "அது தனிப்பட்ட விசயம் தங்கச்சி. பேந்து ஆறுதலாக் கதைப்பம்."

"கூட்டத்தில சொல்லுவன் எண்டியள். இது கூட்டம்தானே."

"முதல் நன்றியுரையை முடியும்."

"என்னத்துக்கு நன்றி சொல்லுறது எண்டு தெரியாமல் எப்பிடி முடிக்கிறது?"

பரமேஸ்வரி பின்னாலிருந்து "அதுதானே!" என்றாள்.

கனகரத்தினத்தார் எழும்பினார். பொன்னாடையைச் சரிசெய்தார். "சரி. இவ்வளவு தூரம் கேட்டபடியால் சொல்லத்தான் வேணும். சபையோர் தீர்ப்புச் சொல்லட்டும்" என்று மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினார். "நான் இஞ்சையிருந்து அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து போயிருக்கிறன். ஒரு மன்றத்தின்ரை தலைவர். அந்தச் சபையின்ரை பாதிரி என்ன செய்யவேணும்? கமிற்றியில ரெண்டு பேரைக் காரோட அனுப்பி, ஹோட்டலுக்கு வந்து, 'ஐயா வாங்கோ' எண்டு முறைப்படி அழைக்கவேணுமோ இல்லையோ?"

"அழைக்கவேணும்" என்றது முன்வரிசை.

"பாதிரி ரெலிபோன் எடுக்கிறான். என்ன சொல்லுறான் தெரியுமோ? 'செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு எப்பவெண்டாலும் சும்மா வாங்கோ, கோப்பி இருக்கும்' எண்டுறான். சும்மா வாங்கோ! நான் என்ன கோப்பிக்கு அலைஞ்சே போனனான்?"

முன்வரிசையில் இருந்த சண்முகலிங்கம் என்பவர் தலையை ஆட்டினார். "அது பிழைதான். என்ரை சொந்த மச்சாளின்ரை கலியாணத்துக்கே நான் போகேல்லை. கலியாணக் காட்டை வீட்டுக்கு வந்து தராமல் தபால்ல போட்டவை."

"அப்ப நீங்கள் போகேல்லை" என்றாள் ஞானேஸ்வரி.

"போறதுக்கு நான் ஆயத்தமாத்தான் இருந்தனான்! கோட்டுப் போட்டு, ரை கட்டி, ஹோட்டல் அறையில காத்துக்கொண்டு இருக்கிறன். சபை மண்டபம் றோட்டுக்கு நேர எதிர்ப்பக்கம். யன்னலால பாத்தால் தெரியுது. லைற் எரியுது, சனம் மூடின தட்டுகளோட உள்ளுக்குப் போகுது. ஒருத்தனாவது றோட்டைக் கடந்து வந்து கூப்பிட்டானோ? ஒன்பது மணிமட்டும் பாத்தனான். லைற்றை நூத்துப்போட்டுப் போயிட்டாங்கள்."

"றோட்டுக்கு எதிர்ப்பக்கமோ?"

"நேர எதிர்ப்பக்கம். அதுதானே எனக்குக் கூட அவமானம்!"

அந்த மண்டபத்தில் அப்போது நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. சனம் அவருக்காக இரங்கியது. "சீ, வெள்ளைக்காரனுக்கு எங்கட முறை விளங்காது" என்றார் ஒருவர். "தமிழன்ரை மானத்தை அண்ணை விட்டுக்குடுக்கேல்லை" என்றார் யோகராஜா, ஒலிவாங்கிக்குள்ளேயே. யாரோ கை தட்டவும் செய்தார். முறைப்படி அழையாத இடத்துக்குப் போகாதிருப்பது எவ்வளவு உயர்ந்த குணம் என்று மெச்சிக்கொண்டு அங்கே கூடியிருந்தவர்கள் யார்? ஒருவராலும் அழைக்கப்படாமல், இரவோடிரவாக எல்லை கடந்து, இந்த நாட்டுக்குள் நுழைந்தவர்கள். சண்முகலிங்கம் இத்தாலிப் பக்கத்தால் மலையேறி வந்தவர். அவருக்கு ஒருவரும் காட் போடவில்லை.

அழுகை வந்தால் அதோடு கதை முடிந்துவிடும் என்று ஞானேஸ்வரிக்குத் தெரியும். அழுகிற பெண்ணுக்கு ரீ ஊற்றிக் கொடுத்து ஒரு மூலையில் இருத்தி, றோல்ஸ் சாப்பிடப் போய்விடுவார்கள். அவள் மேடையை விட்டு இறங்கினாள். நடுப் பாதையால் நேரே வாசலுக்கு நடந்தாள்.

"கோவிச்சுக்கொண்டு போகுது. இளரத்தம்" என்றார் கனகரத்தினத்தார் பெருந்தன்மையோடு.

வாசல் மேசையில், வந்தவர்களை வரவேற்க வைத்த தட்டம் இருந்தது. சந்தனம், குங்குமம், கற்கண்டு, பன்னீர்ச்செம்பு. அவள் தட்டத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். கனகரத்தினத்தாருக்கு முன்னால் நின்றாள். பன்னீரைத் தெளித்தாள், கொஞ்சம் கூடத்தான் தெளித்தாள். அவருடைய மூக்குக்கண்ணாடி நனைந்தது.

"அண்ணை, நடைவழியில ரெலிபோன் பெட்டி இருக்கு. அங்க இப்ப ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூசை முடிஞ்சு பாதிரியார் நிப்பார். அவரோட கதைக்கிறதுக்கு உங்களை முறைப்படி அழைக்கிறன். வாங்கோ."

"இதென்ன பிள்ளை விளையாட்டு..."

"சந்தனம் எடுங்கோ."

அவருக்குக் கை நீண்டுவிட்டது. தட்டத்தை நீட்டினால் சந்தனம் எடுக்காத தமிழனை நான் இன்னும் காணவில்லை. எடுத்து நெற்றியில் வைத்தபிறகுதான் அகப்பட்டுக்கொண்டது விளங்கியது.

"சந்தனம் வைச்சாப் பிறகு வரமாட்டன் எண்டு சொல்லேலாது அண்ணை. அது முறையில்லை" என்றாள் பரமேஸ்வரி. "சண்முகலிங்கம் ஐயா, நீங்கள் சொல்லுங்கோ, முறையோ?"

சண்முகலிங்கம் யோசித்தார். முறை என்று வந்தபிறகு அவரால் பொய் சொல்ல முடியவில்லை. "முறையில்லைத்தான்" என்றார்.

இப்படியாக, மன்றத் தலைவர் பொன்னாடையோடும் சந்தனப் பொட்டோடும் நடைவழியில் இருந்த காசு போடுகிற ரெலிபோனுக்கு அழைத்துச்செல்லப்பட்டார். பின்னால் சனம். படம் காட்டியபோது கொட்டாவி விட்டவர்களெல்லாம் இப்போது கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பரமேஸ்வரி சில்லறையைப் போட, ஞானேஸ்வரி இலக்கங்களைச் சுழற்றினாள். தமையன் கொடுத்த சபை நம்பர் அவளுக்கு மனப்பாடம்; தலைவர் போய்வந்த அலுவலில் தான் குறுக்கிடக்கூடாது என்றுதான் அதுவரை சுழற்றாமல் இருந்தாள். மணி அடித்ததும் றிசீவரை அவருடைய கையில் வைத்தாள்.

"ஹலோ. திஸ் இஸ் கனகரத்தினம். பிரெசிடென்ட்..." என்று தொடங்கி மன்றத்தின் முழுப்பெயரையும் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க, சில்லறை இரண்டு விழுந்தது. மறுபக்கத்துக் குரல் அவ்வளவு பெரிதாகச் சிரித்து வரவேற்றதில் அருகில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. ஓ, அந்த ஐயாவா! சுகமாகத் திரும்பிப் போனீர்களா? நாங்கள் அன்றைக்கு உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். பெண்கள் சான்ட்விச் எல்லாம் செய்துகொண்டு வந்தார்கள். நீங்கள் வராதபடியால், அந்தப் பெண்ணுக்குச் சுவிஸிலேயே இருக்க இடம் கிடைத்துவிட்டது போலும், சொல்ல உங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது போலும் என்று நினைத்தோம். கேட்டு உங்களை நெருக்குவது மரியாதையில்லை என்று விட்டுவிட்டோம்.

அவர்களுக்கும் ஒரு மரியாதை இருந்திருக்கிறது. றோட்டின் இந்தப் பக்கத்தில் ஒரு மரியாதை, அந்தப் பக்கத்தில் ஒரு மரியாதை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண்ணின் உயிர் கிடந்ததை இரண்டு மரியாதையும் காணவில்லை.

கனகரத்தினத்தார் "யெஸ், யெஸ்... வெரி பிஸி ஷெடியூல்..." என்று இழுத்தார்.

ஞானேஸ்வரி றிசீவரைப் பறித்தாள். அவளுடைய ஆங்கிலம் முதியோர் இல்லத்துக் குசினியிலும் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் பாதி பாதியாகச் சேர்ந்தது. அவள் அதை வைத்துக்கொண்டு வெட்கப்படவில்லை.

"நான்தான் அந்தப் பெண். எனக்கு இங்கே இடம் கிடைக்கவில்லை. இந்த மாதம் முடிய என்னை அனுப்பிவிடுவார்கள். அவர் வரவில்லை, அது என்னுடைய பிழை இல்லை."

மறுபக்கத்துச் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு அந்த மனிதர் மெதுவாக, அவளுக்கு விளங்கும்படி சொன்னார். இந்த வருடத்து இடத்தை அடுத்த கிழமையே லாவோஸிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். தன் சபையால் இனி அடுத்த வருடம்தான் முடியும்.

ஞானேஸ்வரி றிசீவரை வைக்கவில்லை. பரமேஸ்வரி அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் சில்லறை போட்டாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு சபை இருக்கிறது, என்றார் பாதிரியார். அவர்களுக்கு இந்த வருடம் இன்னும் ஒருவரும் இல்லை. ஆனால் தனக்கு அவர்களை அவ்வளவாகப் பழக்கமில்லை. இன்றைக்கு மாலை பாலத்தைக் கடந்து போய்க் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். வாக்குத் தரமுடியாது.

"அவர்கள் உங்களை அழைத்தார்களா?" என்று கேட்டாள். ஏன் அப்படிக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்தக் கேள்வி அவருக்கு விளங்கவில்லை. "இல்லையே. போய்க் கதவைத் தட்டவேண்டியதுதானே" என்றார்.

சில்லறை முடிந்து லைன் அறுந்தது.

அவள் திரும்பிப் பார்த்தபோது கனகரத்தினத்தார் அங்கே இல்லை. உள்ளேயிருந்து ஒலிவாங்கியில் அவருடைய குரல் வந்தது.

"...எனவே பெருமக்களே, சற்று முன்னர் பிரெடரிக்டன் திருச்சபைத் தலைவரோடு அடியேன் நேரடியாகத் தொடர்புகொண்டு, தங்கச்சி ஞானேஸ்வரியின் விவகாரத்தை எடுத்துரைத்தேன். அதன் பயனாக, நதிக்கு அக்கரையிலும் எமது மன்றத்தின் கரங்கள் நீண்டு..."

சனம் வாசலுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் நின்றது. பாதிப்பேர் அவளைப் பார்த்தார்கள், பாதிப்பேர் அவரைப் பார்த்தார்கள். யோகராஜா கை தட்டத் தொடங்கினார். பழக்கதோசத்தில் இன்னும் சிலர் தட்டினார்கள்.

ஞானேஸ்வரி மண்டபத்துக்குள் வந்தாள். அவர் அவளை மேடைக்கு வரும்படி கையால் காட்டினார், வாழ்த்து வாங்க வருகிற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல. அவள் மேடைக்கு ஏறவில்லை. சுவரோரமாகப் போய், குனிந்து, ஒலிவாங்கியின் வயரைப் பிளக்கிலிருந்து இழுத்தாள். நீண்ட கரங்கள் அப்படியே நின்றன. கனகரத்தினத்தாரின் வாய் இன்னும் கொஞ்சநேரம் அசைந்தது.

"அண்ணை" என்றாள் ஞானேஸ்வரி. மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது. "உங்களுக்கு நான் நன்றி சொல்லமாட்டன். செத்தாலும் சொல்லமாட்டன். என்னை ஊருக்கு ஏத்தினால், நீங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு யன்னலால பாத்துக்கொண்டு இருந்ததாலதான் ஏத்தினவங்கள் எண்டு பிளேன்ல இருக்கிற அத்தனை பேருக்கும் சொல்லுவன். ஏத்தாட்டிலும் சொல்லுவன்."

"தங்கச்சி, இது நாகரிகமில்லை" என்றார் யோகராஜா.

"போய் றோல்ஸைத் தின்னுங்கோ. ஆறப்போகுது."

அவள் தன் கோட்டை எடுத்தாள். பரமேஸ்வரி தன் கோட்டையும் எடுத்துக்கொண்டு, போகிற வழியில் முன்வரிசைக்காரரிடம் நின்று, "சில்லறை இருக்கிற ஆக்கள் தாங்கோ. கை தட்டினவை முதல் தாங்கோ" என்றாள். கொஞ்சப்பேர் சட்டைப்பையைத் தடவினார்கள். சண்முகலிங்கம் ஒருவர்தான், நிமிர்ந்து பார்க்காமல், வைத்திருந்ததை அவளுடைய கையில் போட்டார்.

நடைவழியில் ஞானேஸ்வரி மறுபடி நம்பரைச் சுழற்றினாள். இந்தமுறை தமையனின் நம்பர். இரவு வேலை முடிந்து படுத்திருந்தவன் வெகுநேரம் கழித்துத்தான் எடுத்தான்.

"அண்ணா, நித்திரையை முறிச்சுக்கொண்டு எழும்பு. பாதிரியார் பின்னேரம் பாலத்துக்கு அந்தப் பக்கம் போறார். நீயும் போ."

"என்னையும் வரச்சொன்னவரோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை!" என்று அவள் கத்தினாள். "இப்பவே சப்பாத்தைப் போடு. போய்ப் பாதிரியாரின்ரை வாசல்ல நில்!"